பத்தாவதாக வரும் பெயர்: ஃபிரெட் சாங்கரின் கட்டுரைப் பட்டியல்

1981 ஏப்ரலில் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. உயிரணுவுக்கு ஆற்றல் தயாரிக்கும் சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள், மனிதரில் இருக்கும் டிஎன்ஏவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, மொத்தம் 16,569 எழுத்துகளாக வாசித்துக் கொடுத்த கட்டுரை அது. எழுதியவர்கள் 14 பேர். முதல் பெயர் ஆண்டர்சன். அதனால் உலகம் முழுக்க அதை 'ஆண்டர்சன் முதலானோர், 1981' என்றுதான் குறிப்பிடுகிறார்கள். அந்த எழுத்து வரிசைக்கே 'ஆண்டர்சன் வரிசை' என்று ஒரு பெயர் உண்டு. வேலை நடந்தது பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் ஃபிரெட் சாங்கரின் ஆய்வகத்தில், அவர் கண்டுபிடித்த முறையில். அவர் பெயரைத் தேடினால் பத்தாவது இடத்தில் அகப்படுகிறது.

பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, பெயர்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் அப்போது சாங்கர் கையில் இரண்டு நோபல் பரிசுகள் இருந்தன. இரண்டாவது கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இரண்டும் வேதியியலுக்கு. வேதியியலில் இரண்டு முறை வென்றவர் என்றால் 2022-ல் பாரி ஷார்ப்லெஸ் சேரும் வரை அவர் ஒருவர்தான். அப்படிப்பட்டவர் 'எஸ்' எழுத்துக்கு உரிய இடத்தில் போய் நின்றுகொண்டார்.

ஒரு மூலக்கூறு உயிரியலாளரின் வாழ்க்கையை அவருடைய கட்டுரைப் பட்டியலை வைத்து எடைபோடுவது இன்று எல்லா இடத்திலும் நடக்கிறது. எத்தனை கட்டுரை, எந்த இதழில், எத்தனையாவது பெயர், எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று கேட்பார்கள். வேலைக்கு எடுப்பதும் நிதி கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான் போகின்றன. சாங்கரின் பட்டியலை இந்தக் கணக்கோடு ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். கணக்கு எங்கெங்கே வழுக்குகிறது என்பது அதில் நன்றாகத் தெரியும்.

இந்த யோசனை எனக்கு முன்பே ஒருவருக்கு வந்திருக்கிறது. சாங்கர் 2013 நவம்பரில், 95 வயதில் இறந்தபோது, கேம்பிரிட்ஜில் அவரோடு ஒரே ஆய்வகத்தில் இருந்த சிட்னி பிரென்னர் 'சயின்ஸ்' இதழில் அஞ்சலி எழுதினார். இன்றைய அறிவியல் உலகில் ஒரு சாங்கர் தாக்குப்பிடிக்க மாட்டார் என்பது அவர் கருத்து. 1952-ல் முடிந்த இன்சுலின் வேலைக்கும் 1967-ல் வந்த ஆர்என்ஏ கட்டுரைக்கும் நடுவில் சொல்லும்படி எதுவும் இல்லை, அங்கிருந்து 1977 வரை இன்னொரு நீண்ட இடைவெளி. ஏதாவது ஒரு குழு இதைக் கவனித்து, 'உற்பத்தி இல்லாதவர்' என்று முத்திரை குத்தி, கொடுக்கும் கொஞ்ச நிதியையும் நிறுத்திவிடும் என்றார் பிரென்னர். இது பின்னால் பலராலும் எடுத்துச் சொல்லப்பட்டது. குழுக்களைப் பற்றி அவர் சொன்னது சரிதான். ஆனால் பட்டியலைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரியா? நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கு ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

சாங்கர் 1918-ல் இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் பிறந்தவர். அப்பா மருத்துவர், குவேக்கர் சமயப் பிரிவில் சேர்ந்தவர். கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே பெற்றோர் இருவரையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து விலக்கு பெற்றதால் ஆய்வகத்திலேயே இருக்க முடிந்தது. குடும்பச் சொத்து இருந்ததால் முனைவர் பட்ட ஆய்வுக்கு யாரிடமும் உதவித்தொகை கேட்க வேண்டியிருக்கவில்லை. இதைப் பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் சொன்னார்: பணம் இருந்திராவிட்டால் கேம்பிரிட்ஜுக்குள் நுழைந்திருக்கவே மாட்டேன் என்று.

பட்டியலின் தொடக்கத்தில் இருப்பது உருளைக்கிழங்கு. 1942-ல், வழிகாட்டி ஆல்பர்ட் நியூபெர்கருடன் சேர்ந்து 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் எழுதியது, உருளைக்கிழங்கில் உள்ள நைட்ரஜனைப் பற்றி. போர்க்காலத்தில் உணவு ஆராய்ச்சிக்குத் தேவை இருந்தது. 1943-ல் பட்டம், லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றி. இதோடு நின்றிருந்தால் யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது.

அப்புறம் துறைக்குப் புதிதாகத் தலைவராக வந்த சிப்னால், இன்சுலினைப் பார்க்கச் சொன்னார். ஏன் இன்சுலின்? மருந்தாக விற்றதால் தூய நிலையில் போதிய அளவு வாங்கக் கிடைத்த புரதங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் பொருள் பல நேரம் இப்படிச் சாதாரணக் காரணத்தால்தான் அமைகிறது.

அன்றைய நிலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி என்று பெரும்பாலோர் ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒரு புரதத்துக்கு ஒரே ஒரு வரிசைதான் உண்டா, அல்லது ஏறக்குறைய ஒத்த பல சங்கிலிகளின் கலவைக்குத்தான் நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோமா என்பது தெரியாது. அமினோ அமிலங்கள் ஒரு கணித ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற கோட்பாடும் செல்வாக்கோடு இருந்தது. இவற்றில் எதையும் சோதித்துப் பார்க்கக் கருவி இல்லை.

1945-ல் சாங்கர் தனியாக எழுதிய கட்டுரை அந்தக் கருவியைக் கொடுத்தது. டைநைட்ரோஃபுளூரோபென்சீன் என்ற வேதிப்பொருள் சங்கிலியின் ஒரு நுனியில் இருக்கும் அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சங்கிலியை அமிலத்தில் கொதிக்க வைத்துச் சிதைத்தாலும் அந்த ஒன்று மட்டும் மஞ்சளாக நிற்கும். மஞ்சளாக நிற்பது எது என்று பார்த்தால் நுனி தெரிந்துவிடும். இன்சுலினில் இரண்டு வகை நுனி அகப்பட்டன, கிளைசினும் ஃபெனைல் அலனைனும். அப்படியானால் இரண்டு வகைச் சங்கிலி. இன்சுலின் மூலக்கூறின் எடை 12,000 என்று அப்போது நம்பியதால், நான்கு சங்கிலிகள் இருக்கின்றன என்று கணக்குப் போட்டார். உண்மையான எடை அதில் ஏறக்குறையப் பாதி, சங்கிலி இரண்டுதான். எண்ணிக்கை தவறிப்போனது, ஆனால் விகிதமும் முறையும் நின்றன. அந்த வேதிப்பொருளை இன்றும் 'சாங்கர் வினைபொருள்' என்றே பாடநூல்கள் சொல்கின்றன.

நுனி தெரிந்தால் போதாது, நடுவில் இருப்பதும் தெரிய வேண்டும். ஒரு நீண்ட வாக்கியத்தைப் பல படி எடுத்து, ஒவ்வொரு படியையும் வெவ்வேறு இடத்தில் கிழித்துத் துண்டுகளைக் கலந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரு துண்டின் கடைசியும் இன்னொரு துண்டின் தொடக்கமும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்த்துப் பார்த்து வாக்கியத்தை மீட்கலாம். சாங்கர் செய்தது அதுதான். துண்டுகளைப் பிரிக்க மார்ட்டினும் சிஞ்ஜும் அப்போதுதான் உருவாக்கியிருந்த தாள் நிறப்பகுப்பு கைகொடுத்தது. வியன்னாவிலிருந்து வந்த ஹான்ஸ் டுப்பியோடு 1951-ல் 30 அமினோ அமிலம் கொண்ட பி சங்கிலி முடிந்தது. ஆஸ்திரேலியரான தாம்சனோடு 1953-ல் 21 கொண்ட ஏ சங்கிலி. இரண்டு சங்கிலியையும் பிணைக்கும் கந்தகப் பாலங்கள் எங்கே இருக்கின்றன என்பது 1955-ல் வந்தது. ஆக, பிரென்னர் 1952 என்று போட்ட முற்றுப்புள்ளி மூன்று ஆண்டு முன்னாலேயே விழுந்திருக்கிறது.

இந்த 51 அமினோ அமிலங்களுக்காக ஏறக்குறையப் பத்தாண்டு உழைப்பு. கட்டுரைகள் வந்தது பெரும்பாலும் 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில். பளபளப்பு இல்லாத, வேலை செய்பவர்கள் மட்டும் படிக்கும் இதழ் அது. அதிலிருந்து 1958-ல் முதல் நோபல். புரதத்துக்குத் திட்டமான, மாறாத வரிசை உண்டு என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது. மரபணுவில் இருக்கும் எழுத்து வரிசை புரதத்தின் வரிசையைத் தீர்மானிக்கிறது என்று யோசிப்பதற்கே, முதலில் புரதத்துக்கு வரிசை என்று ஒன்று இருந்தாக வேண்டுமே.

இனிமேல்தான் அந்தப் பேர்போன இடைவெளி வருகிறது.

1955-க்குப் பிறகு சில ஆண்டுகள் தன் வேலை சோபிக்கவில்லை என்று சாங்கரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். கதிரியக்க அணுவை ஏற்றிப் புரதங்களின் சிறு பகுதிகளை வாசிக்கும் முயற்சிகள் நடந்தன. சில முடிந்தன, சில கைவிடப்பட்டன. 1962-ல் கேம்பிரிட்ஜில் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் புதிய கட்டடத்தில் திறந்தபோது அங்கே போனார். பெருட்ஸ், கென்ட்ரூ, கிரிக், பிரென்னர் என்று துறையின் பெரும்புள்ளிகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். நியூக்ளிக் அமிலங்களின் மேல், அதாவது டிஎன்ஏ, ஆர்என்ஏ மேல், அவருக்குக் கவனம் திரும்பியது அங்கேதான்.

1964-ல் டென்மார்க்கைச் சேர்ந்த மார்க்கரும் சாங்கரும் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் ஆர்என்ஏவை ஆராய்ந்தபோது, அந்த மெத்தியோனினின் தலையில் ஃபார்மைல் என்ற சின்னத் தொப்பி ஒன்று இருப்பதைக் கண்டார்கள். பாக்டீரியா தன் புரதம் ஒவ்வொன்றையும் கட்டத் தொடங்குவது இந்தத் தொப்பி போட்ட மெத்தியோனினை வைத்துத்தான் என்பது அதிலிருந்து விரைவிலேயே தெளிவானது. புரதம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு விடை தந்த கண்டுபிடிப்பு அது. வேறொருவருடைய பட்டியலில் இருந்திருந்தால் இதுவே முதல் வரியாக இருந்திருக்கும். இங்கே இடைவெளிக்குள் மறைந்துபோய்க் கிடக்கிறது, பிரென்னர் கண்ணுக்குக்கூடப் படாமல்.

அடுத்த ஆண்டு, 1965-ல், பிரவுன்லீ, பேரல் இருவரோடும் ஒரு கட்டுரை: கதிரியக்கம் ஏற்றிய நியூக்ளியோடைடு (நியூக்ளிக் அமிலத்தின் 'எழுத்து') துண்டுகளை இரண்டு திசைகளில் பிரிப்பது எப்படி என்று. பெயரைப் பார்த்தாலே யாருக்கும் தூக்கம் வரும். ஆனால் பாக்டீரியாவைக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த ஊடகத்தில் வளர்த்து, ஆர்என்ஏவை நொதியால் வெட்டி, துண்டுகளை முதலில் ஒரு திசையிலும் பிறகு குறுக்காகவும் ஓடவிட்டு, எக்ஸ்ரே படச்சுருளை மேலே வைத்தால், ஒவ்வொரு துண்டும் தனித்தனிக் கரும்புள்ளியாகப் படத்தில் விழும். மிகக் குறைந்த அளவு பொருள் போதும். அதே 1965-ல் ராபர்ட் ஹோலியின் அமெரிக்கக் குழு ஈஸ்டிலிருந்து எடுத்த ஒரு டிஆர்என்ஏவை, அதாவது அமினோ அமிலத்தைச் சுமக்கும் ஆர்என்ஏ ஒன்றை, முழுதாக வாசித்துவிட்டது. நியூக்ளிக் அமிலம் ஒன்றை முதலில் வாசித்தவர் என்ற பெருமை ஹோலிக்குப் போனது, 1968-ல் நோபலும் போனது. பந்தயத்தில் சாங்கர் இரண்டாவது. அவர் கையில் இருந்ததோ நிறையப் பேர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய முறை.

1967-ல் ஈ.கோலை பாக்டீரியாவில் புரதம் கட்டும் ரைபோசோமின் 5எஸ் என்ற ஆர்என்ஏ, 120 எழுத்து, அந்த முறையால் வாசிக்கப்பட்டது. பெயர் வரிசை: பிரவுன்லீ, சாங்கர், பேரல். மூலக்கூறு உயிரியலில் இன்று ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. வேலையைச் செய்தவர் முதல் பெயர், ஆய்வகத் தலைவர் கடைசிப் பெயர், நடுவில் வருபவர்கள் உதவியவர்கள். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் இந்தக் கட்டுரையில் சாங்கர் வெறும் உதவியாளர்! பிரவுன்லீ அவருடைய முனைவர் பட்ட மாணவர். முதலிடம் மாணவருக்குப் போயிருக்கிறது.

1969-ல் இன்னொன்று. ஆர்17 என்ற வைரஸின் ஆர்என்ஏவில் 57 எழுத்து நீளமுள்ள துண்டு. அந்த வைரஸின் மேலுறைப் புரதத்தின் அமினோ அமில வரிசை ஏற்கனவே தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்ற மரபுக் குறியீடு அப்படியே பொருந்தியது. அதுவரை சோதனைக் குழாய்களில் செயற்கை ஆர்என்ஏ வைத்து ஊகித்த குறியீடு, இயற்கையான மரபணு ஒன்றிலேயே எழுதியிருப்பதை நேராகக் கண்ணால் பார்த்தது போல.

அடுத்து டிஎன்ஏ. ஆர்என்ஏவை வெட்ட உதவிய நொதிகளைப் போல டிஎன்ஏவுக்கு இல்லை. அதோடு டிஎன்ஏ நீளம் மிக அதிகம். வெட்டித் துண்டு சேர்க்கும் பழைய வழி இங்கே எடுபடவில்லை. சாங்கர் அணுகுமுறையைத் திருப்பிப் போட்டார். இருப்பதைச் சிதைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, பாலிமரேஸ் நொதியைப் படி எடுக்கவிட்டு, அது எங்கெங்கே நிற்கிறது என்று பார்ப்பது. 1973-ல் அந்த வழியில் ஒரு சிறு கட்டுரை. 1975-ல் ஆலன் கோல்சனுடன் 'கூட்டல் கழித்தல்' முறை. அந்த முறையால் ஃபை-எக்ஸ் 174 என்ற வைரஸின் டிஎன்ஏ முழுவதும், 5,375 எழுத்து, 1977 பிப்ரவரியில் 'நேச்சரில்' வந்தது. டிஎன்ஏவாலான மரபணுத் தொகுதி ஒன்றை முழுதாக வாசித்தது உலகில் அதுவே முதல் தடவை. மறு ஆண்டு திருத்திய வடிவம் வெளியிட்டபோது நீளம் 5,386 ஆனது. காரணம், பழைய முறையில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் எத்தனை முறை வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தங்கள் வரிசையைத் தாங்களே திருத்தி வெளியிட அவர்கள் தயங்கவில்லை.

குறை தெரிந்ததால்தான் அதே 1977 டிசம்பரில் அடுத்த முறை வந்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமியின் இதழில், ஐந்து பக்கம், சாங்கர், நிக்லன், கோல்சன் என்ற மூன்று பெயர். கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிஎன்ஏ எழுத்து ஒவ்வொன்றிலும் அடுத்த எழுத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கி இருக்கும். கொக்கி இல்லாத எழுத்து, அதாவது டைடியாக்சி எழுத்து, சங்கிலியில் சேர்ந்துவிட்டால் அதற்கு மேல் சங்கிலி நீளாது. நான்கு குழாய் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் நல்ல எழுத்துகள் எல்லாம் உண்டு. கூடவே முதல் குழாயில் கொக்கியில்லாத 'ஏ' கொஞ்சம், அடுத்ததில் 'சி', பிறகு 'ஜி', 'டி'. நொதி படி எடுத்துக்கொண்டே போகும். முதல் குழாயில் 'ஏ' வர வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் சில சங்கிலிகள் நின்றுபோகும், மற்றவை தொடரும். கடைசியில் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஜெல்லில் ஓடவிட்டால், நீளம் குறைந்தது கீழே, கூடினது மேலே என்று ஏணிப்படிகள் போலக் கோடுகள் விழும். கீழிருந்து மேலே, எந்தப் பத்தியில் கோடு விழுகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் அதுதான் வரிசை. ஒரே தடவையில் சுமார் 200 எழுத்து.

மேற்கோள் கணக்கில் இந்தக் கட்டுரை எங்கோ உச்சியில் இருக்கிறது. 2014-ல் 'நேச்சர்' இதழ் எல்லாக் காலத்துக்கும், எல்லா அறிவியலுக்குமான மேற்கோள் பட்டியலைத் தொகுத்தபோது இது நான்காவது இடம், 65,000-க்கும் மேற்பட்ட மேற்கோள்கள். முதல் மூன்றும் புரத ஆய்வு முறைகளைச் சொல்லும் கட்டுரைகள். இயற்கையைப் பற்றி ஒரு புது உண்மையைச் சொன்ன கட்டுரை முதல் நான்கில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சமையலில் எல்லோரும் பயன்படுத்தும் பாத்திரத்தின் பெயர்தான் அடிக்கடி வரும், சாப்பிட்ட விருந்தின் பெயர் அல்ல.

இந்த எண்ணிக்கையும் உண்மையில் குறைவுதான். ஒரு முறை ஆய்வகங்களில் அன்றாடப் பழக்கமாகிவிட்டால் யாரும் மூலக் கட்டுரையைச் சுட்டிக்காட்ட மாட்டார்கள். 'சாங்கர் முறையில் வாசித்தோம்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். பெயர் இருக்கும், மேற்கோள் எண் ஏறாது. 2005-ல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீட்டில் நிலைமை இன்னும் மோசம். குறைந்தது 40 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 40 இருந்தால் ஒருவரின் குறியீடு 40. அந்தக் கணக்கில் 65,000 மேற்கோள் பெற்ற கட்டுரையும் 40 பெற்ற கட்டுரையும் ஒரே எடை, ஆளுக்கு ஒன்று.

அந்த முறை வந்த மறுநாளே எல்லோரும் பாய்ந்து எடுத்துக்கொள்ளவும் இல்லை. அதே 1977-ல், சில மாதம் முன்பே, ஹார்வர்டில் மேக்சமும் கில்பர்ட்டும் டிஎன்ஏவை வேதிப்பொருளால் வெட்டி வாசிக்கும் முறையை வெளியிட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் பல ஆய்வகங்கள் அதைத்தான் விரும்பின, ஏனென்றால் சாங்கர் முறைக்கு ஒற்றை இழை டிஎன்ஏ வேண்டும், அதைத் தயாரிப்பது தொல்லை. எம்13 வைரஸுக்குள் துண்டுகளை ஏற்றி ஒற்றை இழையாக எடுக்கும் வழி வந்த பிறகுதான் தராசு சாய்ந்தது. 1980 நோபலை கில்பர்ட், பால் பெர்க் இருவரோடும் சாங்கர் பகிர்ந்துகொண்டார்.

இப்போது அந்த இரண்டாவது இடைவெளியைத் திரும்பிப் பாருங்கள், 1967 முதல் 1977 வரை. உள்ளே ஆர்17 இருக்கிறது, 1973 இருக்கிறது, 1975 இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் அடுத்ததற்கு ஏறும் படி. பட்டியலை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவை சில்லறை முறைக் கட்டுரைகள். சாங்கருக்கு அதுதான் வேலையே. அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டது ஒரே கேள்வி, 'இதில் என்ன வரிசை?' என்று. புரதம், ஆர்என்ஏ, டிஎன்ஏ என்று பொருள் மாறியது, கேள்வி மாறவில்லை. விடையை விட விடை காணும் வழியைக் கட்டுவதில்தான் அவருக்கு நாட்டம். யோசிப்பது, பேசுவது, செய்வது என்ற மூன்றில் தனக்குப் பிடித்தது செய்வதுதான், பேச்சு அவ்வளவாக வராது என்று 1988-ல் எழுதிய நினைவுக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். முறையைக் கட்டும் காலத்தில் பட்டியல் மெலிந்துதான் இருக்கும். பிரென்னர் அதை வெற்றிடமாகக் காட்டியது ஒரு நல்ல வாதத்துக்காகக் கொஞ்சம் மிகைப்படுத்தியது.

ஆனால் அவர் சொன்னதில் கனமான ஒரு பகுதி அப்படியே நிற்கிறது. அந்தக் காலம் முழுவதும் சாங்கருக்குச் சம்பளம் கொடுத்தது மருத்துவ ஆராய்ச்சி மன்றம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பம் எழுதிப் பிழைக்க வேண்டிய தேவை இல்லை. வகுப்பெடுக்கும் கடமை இல்லை. குழு சிறியது, கேட்ட பணமும் சிறியது. 1958-க்குப் பிறகு நோபல் என்ற கவசமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பரிசு தனக்கு நல்ல வசதிகளையும் நல்ல துணைவர்களையும் கொண்டுவந்தது என்று அவரே சொன்னார். இதே மெலிந்த பட்டியல், கவசமில்லாத 40 வயதுக்காரர் ஒருவருடையதாக இருந்திருந்தால்? பிரென்னரின் குழு அந்த இடத்தில் கண்டிப்பாக வேலையைக் காட்டியிருக்கும்.

பட்டியலில் வராத இன்னொன்று மாணவர்கள். முதல் முனைவர் பட்ட மாணவர் ரோட்னி போர்ட்டர், 1972-ல் மருத்துவ நோபல். ஏற்கனவே ஒரு முனைவர் பட்டத்தோடு அர்ஜென்டினாவிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வந்து, இரண்டாவது பட்டத்துக்குப் படிக்கும்போது சாங்கரோடு சேர்ந்து வேலை செய்த செசார் மில்ஸ்டைன், 1984-ல் நோபல். 1975-ல் பட்டம் முடித்த எலிசபெத் பிளாக்பர்ன், 2009-ல் நோபல். கட்டுரையில் கூடவே வந்த கோல்சன், பிறகு ஜான் சல்ஸ்டனோடு சேர்ந்து உருளைப்புழுவின் மரபணுத் தொகுதிக்கு வரைபடம் போட்டார். ரோஜர் ஸ்டேடன் என்பவர் 1979-ல் எழுதிய கணினி நிரல்கள் துண்டு வரிசைகளைச் சேர்க்கும் வேலையைக் கையிலிருந்து கணினிக்கு மாற்றின. கிழித்த வாக்கியத்தைக் கண்ணால் ஒட்டிய 1951-ன் அதே புதிர்தான், இப்போது ஆயிரக்கணக்கான துண்டுகளோடு.

கடைசிப் பெரிய வேலை லாம்டா என்ற வைரஸ், 48,502 எழுத்து, 1982-ல் வெளியானது. மறு ஆண்டு, 65 வயதில், சாங்கர் ஓய்வு பெற்றார். ஆலோசகராக அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கவில்லை, நேராகத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். ஓய்வுக்குப் பிறகும் மாணவர்களின் கட்டுரைகளில் கடைசிப் பெயராக ஏறிப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. இவர் பட்டியல் 1982-க்குப் பிறகு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. 'சர்' பட்டத்தையும் வேண்டாம் என்றவர், கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் 1993-ல் திறந்த மரபணுத் தொகுதி ஆய்வு மையத்துக்குத் தன் பெயரை வைக்க மட்டும் சம்மதித்தார். மனித மரபணுத் தொகுதியின் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான், அவருடைய முறையின் தானியங்கி வடிவத்தால் வாசிக்கப்பட்டது.

ஆண்டர்சன் வரிசையின் கதை மட்டும் பாக்கி. 1981-ல் வாசித்த டிஎன்ஏ ஒரு நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்தது; 1999-ல் வேறொரு குழு அதே டிஎன்ஏவை மறுபடி வாசித்துப் பார்த்தது. 16,569 எழுத்தில் ஒருசில இடங்களில்தான் பிழை இருந்தது. அவற்றில் ஒன்று கொஞ்சம் சங்கடமானது. ஓரிடத்தில் இரண்டு 'சி' என்று 1981-ல் எழுதியிருந்தார்கள், உண்மையில் இருப்பது ஒன்றுதான். அந்த ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் அதற்குப் பின்னால் வரும் எல்லா இடங்களின் எண்ணும் ஒன்று குறைந்துவிடும். பதினெட்டு ஆண்டுகளாக அந்த எண்களை வைத்து நோய்களைப் பற்றியும் மனித இனத்தின் பரவலைப் பற்றியும் எழுதிய கட்டுரைகள் அத்தனையும் குழம்பிப்போகும். அதனால் திருத்திய வரிசையில் அந்த எண்ணை மட்டும் விட்டுவைத்தார்கள். இன்றும் மனித மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் அதிகாரபூர்வ வரிசையில் 3107 என்று ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் எழுத்து எதுவும் கிடையாது.